மஞ்சளில் இரண்டு கோடு

பொன்ஜீன் வீதியில் என் கடை.
கல்யாணம், பட்டமளிப்பு, புதுநன்மை,
செத்தவர்கள்.
எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவேன்.

மெட்டில்டா மிஸ் கொண்டுவந்தது
பாயைப்போல் சுருட்டிய பதினோரடிக் கான்வஸ்.
விரிக்க மேசை போதவில்லை.
டிலக்ஸன் ஒரு நுனியைப் பிடித்தபடி வாசலைத் தாண்ட,
ஊதா நிறம் தெருவில்,
த்ரீவீலர்களுக்கு நடுவே போய் நின்றது.

"சூரியன்," என்றார்.
"ஒரு கீற்று வெளிச்சத்தப் பிரிச்சு, அளந்து கீறினது."

வட்டம் இல்லை, கதிர் இல்லை.
சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிகிற பட்டை.
குறுக்கே கறுப்புக் கோடுகள்,
சிலது மயிரளவு, சிலது விரலளவு.
எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டேன்.
"மிஸ், நிறைய இடத்தில பெயின்ட் விடுபட்டிருக்கே?"

"விடுபடல்ல. வரவேண்டிய வெளிச்சம் வரல்ல.
வழியில எது எடுத்திச்சோ
அதுட பேர் அந்த இடத்தில இருக்கு."

பச்சையில் இரும்பு.
ஊதாக் கரையில் அகலமாய் இரண்டு, கல்சியம்.
மஞ்சளில் ஒட்டிப்பிறந்த மாதிரி இரண்டு கோடு.
"சோடியம். நீங்க சோத்துக்குப் போடுற உப்பில இருக்கிறது."
சிவப்பின் ஓரம் சீப்புப் பல்லாய் ஒரு கூட்டம்;
அதற்கு மேல் விரலைத் தொடாமல் நிறுத்தினார்.
"இதச் சூரியன்ட தலையில போடக்கூடாது.
இது நம்மட காத்து எடுத்தது. இங்கயே."

ஐயாயிரம் குறைக்கச் சொன்னார்.
மூவாயிரம் குறைத்தேன்.

சுவரில் சாய்ந்திருந்தது ஜம்பட்டா வீதிப் புனிதமலரின் படம்.
மாலைக்கு ஆணி வேண்டாம், சிவப்பு பல்ப் வேண்டாம்,
வெறும் சட்டம் மட்டும் என்று
இரண்டாயிரத்து எட்டில் கொண்டுவந்தாள்.
கடற்காற்றுக்குக் கண்ணாடி மங்குதாம்.
மூன்று தரம் மாற்றியாயிற்று.
இது நாலாவது.

மறுநாள் காலை டிலக்ஸன் பெருமையோடு நின்றான்.
மிச்சமிருந்த போஸ்டர் பெயின்டைக் குழைத்து
மஞ்சளில் ஒரு கோட்டை அடைத்துவிட்டிருந்தான்.
அச்சொட்டான வேலை.
எது எங்கே இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை.
அடுத்ததற்குத் தூரிகையை நனைத்து வைத்திருந்தான்,
கெட்டிக்காரன்.

மிஸ் வந்தார், பார்த்தார்.
"பாதி உப்பு போச்சு."
அட்டை வெட்டும் பிளேடை என்னிடம் வாங்கிக்கொண்டு
அரை மணித்தியாலம் முழங்காலில் இருந்தார்.
வாங்கிவைத்த பிளேன்டி ஆறி ஆடை கட்டியது.
சுரண்டச் சுரண்டக் கறுப்பு திரும்பி வந்தது,
ஆனால் பழைய கோடாய் இல்லை:
பிசிறு, நெளிவு,
ஓரிடத்தில் கான்வஸின் நூலே பல்லிளித்தது.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"இருக்கட்டும்," என்றார், தூசியை ஊதிவிட்டு.

கறுவாத்தோட்ட மண்டபத்தில் திறப்புவிழா.
ஆணி சரியா என்று பார்க்க நானும் போயிருந்தேன்.
பட்டை நெடுகக் கிளாசோடு நடந்தவர்கள்
இரும்பைக் கடந்தார்கள், கல்சியத்தைக் கடந்தார்கள்.
மஞ்சளில் நின்றார்கள்.
சுரண்டிய கோட்டருகே குனிந்தார்கள்.
ஒரு சின்னப் பிள்ளை தொடப்போய்
தாயிடம் அடி வாங்கியது.

கோடு தெரியவேண்டுமென்றால்
வெளிச்சம் ஒடுக்கமாக வரவேணும் என்று
போகிறபோக்கில் மிஸ் சொல்லியிருந்தார்.

அந்த ஈஸ்டருக்குப் பிறகு
பின்னேரங்களில் நான் ஷட்டரைப் பாதிக்கு இறக்குவது வழக்கம்.
நேற்று நாலரைக்கு அதன் கீழால் வந்த வெயில்
விளிம்பு சீவிய கண்ணாடியொன்றில் பட்டு
எதிர்ச்சுவரில் பெருவிரலளவு ஏழு நிறமாய் விழுந்தது,
புனிதமலரின் படத்துக்குக் கொஞ்சம் மேலே.
நானும் டிலக்ஸனும் மூக்கு முட்டப் பார்த்தோம்.
மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை.

"இதிலயும் இருக்குமா, முதலாளி?"

ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கு என்றேன்.